ஞாயிறு பள்ளியை விட்டுவிட்டேன், ஊழியத்தையும் விட்டுவிட்டேனா?

கேள்வி:

மதிப்பிற்குரிய போதகர் ஐயா அவர்களுக்கு,

எனக்கு 46 வயது. ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். 11 ஆண்டுகள் எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் மாமியார் பக்கவாதத்தில் விழுந்தார். நடை போயிற்று, பேச்சும் போயிற்று. பாட்டுப் பாடினால் மட்டும் உதடு அசைகிறது. அன்றோடு ஞாயிறு பள்ளியை விட்டுவிட்டேன். பல வாரங்கள் ஆராதனைக்கே போக முடிவதில்லை. "கர்த்தருடைய வேலையை விட்டவர்களுக்கு வீட்டிலும் சமாதானம் இருக்காது" என்று சபையில் மூத்த சகோதரி ஒருவர் சொன்னது மனதில் முள்ளாகத் தைத்துவிட்டது.

போன மாதம் ஞாயிறு பள்ளி ஆண்டு விழாவில் முன்னாள் ஆசிரியர்களைப் பெயர் சொல்லி வாழ்த்தினார்கள். என் பெயர் வரவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன். இது பெருமைதானே என்று என் மேலேயே வெறுப்பு வந்தது. அத்தையைக் கவனிப்பதையும் மனப்பூர்வமாகச் செய்கிறேன் என்று சொல்ல முடியவில்லை. இரவில் மூன்று முறை எழுந்து அவரைப் புரட்டிப் படுக்கவைக்கிறேன், முணுமுணுத்துக்கொண்டேதான் எழுகிறேன். ஒருநாள் அவரிடம் கத்தியும் விட்டேன். என் கணவர் நல்லவர், ஆனால் நோயாளியைத் தொடப் பயப்படுகிறார். நாத்தனார் அருகில்தான் இருக்கிறார். வந்து பார்த்துவிட்டுப் போவார். யாரிடமும் எந்த உதவியும் கேட்டதில்லை, எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்கிறேன்.

தேவனுக்குத் தாழ்மையோடும் முழு மனதோடும் ஊழியம் செய்ய ஆசைப்பட்டவள் நான். இன்று இரண்டும் என்னிடம் இல்லை. எங்கே தவறினேன்?

பெயர் வெளியிட விரும்பாத சகோதரி

பதில்:

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். முதல் இரண்டு முறையும் நான் தாண்டிப்போன ஒரு வரி மூன்றாம் முறை என்னை நிறுத்திவிட்டது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த முள்ளை எடுத்துவிடுவோம்.

அந்த மூத்த சகோதரி கெட்ட எண்ணத்தோடு பேசியிருக்க மாட்டார். ஆனால் அவர் சொன்னது தவறு. மாற்கு 7ஆம் அதிகாரத்தில் கொர்பான் என்ற வழக்கம் ஒன்று வருகிறது. பெற்றோருக்குக் கொடுக்க வேண்டியதை "இது தேவனுக்குக் காணிக்கை" என்று சொல்லிவிட்டால் போதும், அவர்களைக் கவனிக்கும் கடமை ஒருவனை விட்டு நீங்கிவிடும் என்று அன்றைய மதத் தலைவர்கள் போதித்தார்கள். இயேசு அதை மெச்சவில்லை. உங்கள் பாரம்பரியத்தால் தேவவசனத்தை அவமாக்குகிறீர்கள் என்றார். படுக்கையில் கிடக்கும் தாயைத் தனியே விட்டுவிட்டு வகுப்பெடுக்க வந்திருந்தீர்களானால் அந்தச் சகோதரி ஒருவேளை உங்களைப் பாராட்டியிருப்பார். இயேசு பாராட்டியிருப்பாரா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

இந்தக் குழப்பத்துக்கு நம் மொழிபெயர்ப்பும் ஒரு சிறு காரணம். அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில் விதவைகளுக்கு நாள்தோறும் உணவு பகிர்வதைத் தமிழ் வேதாகமம் "அன்றாட விசாரணை" என்கிறது. மூன்று வசனம் தள்ளி அப்போஸ்தலர் செய்வதைத் "தேவவசனத்தைப் போதிக்கிற ஊழியம்" என்கிறது. கிரேக்க மூலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்: தியாகோனியா. லூக்கா 10ஆம் அதிகாரத்தில் மார்த்தாளின் அடுப்பங்கரை "வேலைகளுக்கும்" அதே சொல். நாம் பிரசங்கத்துக்கு ஊழியம் என்றும் சோறு போடுவதற்கு விசாரணை என்றும் பெயர் வைத்தோம்; பிறகு முதலாவதுதான் ஊழியம் என்று நம்பவும் தொடங்கிவிட்டோம். கூலியில்லாமல் வாங்கிய வேலைக்குத் தமிழில் ஒரு காலத்தில் ஊழியம் என்றே பெயர் இருந்தது என்பதை மேடையில் "என் ஊழியம், என் ஊழியம்" என்கிற நாங்கள் மறந்துபோகிறோம்.

ஆகவே நீங்கள் எதையும் விட்டுவரவில்லை. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் சபையும் உங்களிடம் தவறியிருக்கிறது என்று நினைக்கிறேன். பதினொரு ஆண்டுகள் ஒவ்வொரு ஞாயிறும் பார்த்த முகம் காணாமல் போனபோது, ஏன் வரவில்லை என்று கேட்க வந்தவர்களைவிட, என்ன நடக்கிறது என்று பார்க்க வந்தவர்கள் குறைவு. அப்படித்தானே?

அடுத்து, அந்த அழுகை.

பெயர் சொல்லாததற்கு அழுதது பெருமை என்று உங்களுக்கு நீங்களே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். நான் அவ்வளவு சீக்கிரம் எழுத மாட்டேன். லூக்கா 17ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். செய்ய வேண்டியதையெல்லாம் செய்த பின்பு, "நாங்கள் அப்பிரயோஜனமான ஊழியக்காரர், செய்யவேண்டிய கடமையைமாத்திரம் செய்தோம்" என்று சொல்லும்படி இயேசு பத்தாம் வசனத்தில் சீஷர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார். தாழ்மையைப் பற்றிய பிரசங்கம் பெரும்பாலும் அந்த வசனத்தோடு முடிந்துவிடும். ஆனால் அதே அதிகாரத்தில், ஏழே வசனம் தள்ளி, பத்துக் குஷ்டரோகிகள் சுத்தமாகி ஒருவன் மட்டும் திரும்பி வந்தபோது, "மற்ற ஒன்பதுபேர் எங்கே?" என்று அவரே கேட்கிறார். நன்றி சொல்லப்படாததை அவர் கவனித்தார். வேலை செய்தவன் நன்றியை எதிர்பார்க்கக் கூடாது என்பது ஒரு பாடம். நன்மை பெற்றவன் நன்றி சொல்லாமல் போகக் கூடாது என்பது வேறொரு பாடம். முதலாவதைக் காட்டி இரண்டாவதை மறைத்துவிடுவது சபைகளுக்கு வசதியாக இருக்கிறது. ரோமர் 16ஆம் அதிகாரத்தில் பவுல் இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். "கர்த்தருக்குள் மிகவும் பிரயாசப்பட்ட பிரியமான பெர்சியாள்" என்று அங்கே ஒரு பெயர் இருக்கிறது. அந்த அம்மாளைப் பற்றி அந்த ஒரு வரியைத் தவிர வேதாகமத்தில் வேறொன்றும் கிடையாது. பவுல் எழுத மறந்திருந்தால் அதுவும் இருந்திருக்காது.

அதனால் வலித்தது இயல்பு. அந்த வலியை என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் பெருமையும் தாழ்மையும் பிரியும். பெயர் சொல்லப்பட்ட மற்றவர்களைப் பார்க்கும்போது முகம் கடுக்கிறதா? அவர்களில் ஒருவருக்காவது, "உங்களை வாழ்த்தியதில் எனக்குச் சந்தோஷம்" என்று சொல்லிப் பாருங்கள். வாய் வருகிறதென்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. வரவில்லை என்றால் அதற்காக ஜெபியுங்கள். ஆனால் அழுததற்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

தாழ்மை என்றால் தன்னைச் சின்னதாக்கிக்கொள்வது என்று ஓர் எண்ணம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. "நான் ஒன்றுக்கும் உதவாதவள்" என்று உங்கள் வகுப்புப் பிள்ளை ஒன்று சொன்னால், அதைத் தாழ்மை என்று மெச்சுவீர்களா, அருகில் இழுத்து உட்காரவைத்துப் பேசுவீர்களா? யோவான் 13இல் இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவுகிறார். அதற்கு முந்தின வசனத்தை நாம் வேகமாகக் கடந்துவிடுகிறோம்: பிதா எல்லாவற்றையும் தம் கையில் ஒப்புக்கொடுத்தார் என்பதையும், தாம் தேவனிடத்திலிருந்து வந்ததையும், அவரிடத்திற்கே போவதையும் அவர் அறிந்திருந்தார். அறிந்துதான் சீலையை எடுத்து அரையில் கட்டிக்கொண்டார். தாம் யார் என்பதில் அவருக்குத் தடுமாற்றம் இல்லை. ஆகவே குனிவதில் இழக்க அவரிடம் ஒன்றும் இல்லை. அவரைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் எழுந்து போவதற்கு முன்பே இது நடந்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள். நன்றி வராது என்று தெரிந்த கால்களும் அந்த வரிசையில் இருந்தன.

"மனப்பூர்வமாகச் செய்ய முடியவில்லை" என்ற குறைக்கு வருகிறேன். உங்களைக் குற்றப்படுத்துகிற வசனம் கொலோசெயர் 3:23 என்று ஊகிக்கிறேன். "எதைச் செய்தாலும், அதை மனுஷர்களுக்கென்று செய்யாமல், கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்." சுவரில் மாட்டுகிற வசனம். ஆனால் இது யாரிடம் சொல்லப்பட்டது? அதற்கு முந்தின வசனம் "வேலைக்காரரே" என்று தொடங்குகிறது. மூலத்தில் அது அடிமைகளைக் குறிக்கும் சொல். செய்யும் வேலையைத் தாங்கள் தேர்ந்தெடுக்காதவர்கள், பிடிக்கவில்லை என்று விட்டுப்போக வழியில்லாதவர்கள். அவர்களிடம் போய் உங்கள் வேலையை ரசித்துச் செய்யுங்கள் என்று பவுல் எழுதியிருந்தால் அது கொடுமை. அவர் கேட்டது ரசனையை அல்ல. யாருக்காகச் செய்கிறோம் என்ற முகவரியை மாற்றிக்கொள்ளச் சொன்னார். கூடவே "சுதந்தரத்தின் பலனைக் கர்த்தரால் பெறுவீர்கள்" என்றும் எழுதினார். நம் பழைய மொழிபெயர்ப்பில் சுதந்தரம் என்பது விடுதலை அல்ல, பிள்ளைகளுக்கு வந்து சேரும் சொத்துரிமை. ரோமச் சட்டப்படி அடிமைக்கு அப்படி ஒரு உரிமையே கிடையாது. உங்களைப் பிள்ளைகளின் வரிசையில் உட்காரவைத்திருக்கிறார் என்று அவர்களிடம் சொல்கிறார் பவுல்.

(ஓர் எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறேன். இதே வசனங்களைச் சொல்லி அடிமைகளின் வாயை அடைத்த எசமான்கள் சரித்திரத்தில் உண்டு. இது ஒருவர் தனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டிய வசனம். உங்கள் வீட்டில் யாராவது சாய்ந்து உட்கார்ந்துகொண்டு உங்களுக்கு இதை வாசித்துக் காட்டினால், வசனத்தைத் தவறான ஆளுக்கு வாசிக்கிறார் என்று அர்த்தம்.)

பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸில் ஒரு கர்மேல் மடத்தில் சகோதரர் லாரன்ஸ் என்று ஒருவர் இருந்தார். போர்வீரராக இருந்து காயப்பட்டவர். மடத்தில் அவருக்குக் கிடைத்தது சமையலறை வேலை. பாத்திரங்களின் நடுவிலும் தேவசமுகத்தில் இருந்தவர் என்று அவரைப் பற்றிச் சபைகளில் அடிக்கடி சொல்வார்கள். சமையலறை வேலை அவருக்கு இயல்பிலேயே பிடிக்காது என்பதைச் சொல்வதில்லை. அவரோடு பேசியவர்கள் அதைப் பதிவுசெய்திருக்கிறார்கள். பிடிக்காத வேலையில் ஏறக்குறைய 15 ஆண்டுகள். முழு மனது என்பது முகச்சிரிப்பு என்றால் அவரும் தேறியிருக்க மாட்டார்.

அப்படியானால் அரை மனது என்பது எது? யூதாவின் ராஜா அமத்சியாவைப் பற்றி 2 நாளாகமம் 25 சொல்கிறது: கர்த்தரின் பார்வைக்குச் செம்மையானதைச் செய்தான், ஆனாலும் முழுமனதோடே அப்படிச் செய்யவில்லை. கூலிக்குப் பிடித்த படையைத் திருப்பி அனுப்பிவிடு என்று தேவனுடைய மனுஷன் சொன்னபோது அவன் கேட்ட முதல் கேள்வி, நான் கொடுத்த நூறு தாலந்து வெள்ளிக்கு என்ன செய்வது என்பது. கணக்குப் பிரிவில் இருக்கிற உங்களுக்கு அந்தக் கேள்வியின் நியாயம் புரியும்! ஆயினும் அவன் அனுப்பிவிட்டான், கீழ்ப்படிந்தான். கை கீழ்ப்படிந்தது, மனம் பேரேட்டை மூடவில்லை. போரில் ஜெயித்து வந்ததும் தோற்றவர்களின் தெய்வங்களையே கொண்டுவந்து வணங்கினான். நள்ளிரவில் எழும்போது உங்களுக்கு வருகிற அலுப்பு அரை மனது ஆகாது; அது உடம்பு. நான் இத்தனை இரவு எழுந்தேன், அவர் எத்தனை இரவு எழுந்தார், நாத்தனார் எத்தனை நாள் வந்தார் என்று பக்கம் பக்கமாக ஓடுகிறதே ஒரு கணக்கு, அதைத்தான் கவனிக்க வேண்டும். அந்தப் பேரேடு உங்களிடம் இருக்கிறது என்று உங்கள் கடிதமே சொல்கிறது. உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கேட்க வேண்டியதை வாய்விட்டுக் கேட்காதவர்களிடம்தான் அந்தப் பேரேடு தடித்துக்கொண்டே போகும்.

இப்போது அந்த வரி. "யாரிடமும் எந்த உதவியும் கேட்டதில்லை."

நீங்கள் அதை ஒரு நற்சான்று போல எழுதியிருக்கிறீர்கள். பெருமையை ஆண்டு விழாவில் தேடினீர்கள். எனக்கு அது இந்த வரியில்தான் லேசாகத் தட்டுப்படுகிறது. கால் கழுவ இயேசு வந்தபோது பேதுரு, "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது" என்றான். கேட்பதற்கு எவ்வளவு தாழ்மை! இயேசு அதை ஏற்கவில்லை. நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை என்றார்.

இதை நான் என் வீட்டில் கற்றுக்கொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன் என் மனைவிக்கு அறுவைசிகிச்சை நடந்து சில வாரம் படுக்கையில் இருந்தார். சபைப் பெண்கள் முறைவைத்துச் சமைத்துக் கொண்டுவருகிறோம் என்று வாசலில் வந்து நின்றார்கள். "உங்களுக்கு எதற்கு அம்மா சிரமம், தேவன் நடத்துவார்" என்று மிகப் பணிவாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது: "அவர்களுடைய ஊழியத்தைத் தடுக்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்?" நான் சமைத்ததைத் தானே சாப்பிட வேண்டும் என்ற பயமும் அந்தக் கேள்வியில் இருந்திருக்கலாம். ஆனாலும் கேள்வி சரியானது. கொடுக்கிற இடத்தில் இருந்தே பழகிய எனக்கு வாங்குகிற இடத்தில் நிற்கக் கூச்சம். அந்தக் கூச்சத்துக்குத் தாழ்மை என்று பெயர் வைத்திருந்தேன்.

எண்ணாகமம் 11இல் மோசே தேவனிடம் முறையிடுவதை வாசித்துப் பாருங்கள். இந்த ஜனங்கள் எல்லாரையும் நான் ஒருவனாய்த் தாங்க முடியாது, பாரம் மிஞ்சிவிட்டது, இப்படியே நடத்துவீரானால் என்னைக் கொன்றுபோடும் என்கிறார். முணுமுணுப்பு என்றால் அதுவும் முணுமுணுப்புதான். ஆனால் தேவனைப் பற்றி வெளியே போய் முணுமுணுக்கவில்லை, தேவனிடமே முணுமுணுத்தார். தேவன் அதட்டாமல் எழுபது மூப்பரைக் கொடுத்தார். அடுத்த அதிகாரத்தின் மூன்றாம் வசனத்தில்தான், பூமியிலுள்ள சகல மனிதரிலும் மிகுந்த சாந்தகுணமுள்ளவன் என்று மோசேயைப் பற்றி எழுதியிருக்கிறது.

ஆகவே கேளுங்கள். பொதுவாக "யாரும் உதவுவதில்லை" என்று சொன்னால் எல்லாரும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். கணவரிடம், "செவ்வாய், வியாழன், சனி இரவுகள் உங்களுடையவை" என்று சொல்லுங்கள். தொடப் பயப்படுகிறவருக்கு எப்படிப் புரட்ட வேண்டும், தலையணையை எங்கே வைக்க வேண்டும் என்று இரண்டு இரவு கூட நின்று காட்டுங்கள், மூன்றாம் இரவு நீங்கள் வேறு அறையில் தூங்குங்கள். 1 தீமோத்தேயு 5:4 பெற்றோரைக் கவனிக்கும் பொறுப்பைப் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் தருகிறது. மருமகளை அந்த வசனம் பெயர் சொல்லிக்கூட அழைக்கவில்லை. நீங்கள், மாமியாரை விட்டுப் பிரிய மறுத்த ரூத்தைப் போல விரும்பி வந்து நின்றவர். உங்கள் கணவர் தம் தாயைப் பார்த்துக்கொள்வதை "எனக்கு உதவுகிறார்" என்று இனிமேல் சொல்லாதீர்கள். நாத்தனாரிடம் மாதத்தில் இரண்டு ஞாயிறு காலைகளைக் கேளுங்கள். கோபம் இல்லாத ஒரு நாளில், அத்தையின் அருகில் அல்லாமல், உட்கார்ந்து பேசுங்கள். மறுத்தால் வருத்தமாக இருக்கும். ஆனால் கேட்காமலேயே அவர் மறுத்துவிட்டதாக எழுதிவைத்திருக்கும் கணக்கைவிட அது நேர்மையானது.

அத்தையிடம் கத்தியதற்கு அவரிடமே மன்னிப்புக் கேளுங்கள். பேச்சுப் போனால் புரிதலும் போய்விட்டது என்று பொருளல்ல. அவரால் பதில் சொல்ல முடியாது என்பதால் மன்னிப்பைக் கேட்காமல் விட்டுவிட நமக்கு எளிதாக இருக்கிறது, அவ்வளவுதான்.

பாட்டுக்கு உதடு அசைகிறது என்று எழுதியிருந்தீர்கள். பக்கவாதத்தில் பேச்சை இழந்தவர்கள் சிலருக்குப் பாட்டு மிஞ்சியிருப்பது மருத்துவர்களும் அறிந்ததே. அவரைக் கவனிக்கும் மருத்துவரிடம் பேச்சுப் பயிற்சி பற்றிக் கேளுங்கள். அதுவரை, பதினொரு ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்த பாட்டுகள் உங்களிடம் இருக்கின்றனவே, துணி மாற்றும்போது அவற்றைப் பாடுங்கள்.

உங்கள் தூக்கத்தைப் பற்றி எனக்குக் கவலை இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேலாக நாள்தோறும் அழுகை வருகிறது, எதிலும் மனம் ஒட்டவில்லை, வாழ்ந்தது போதும் என்று தோன்றுகிறது என்றால், தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். அதை விசுவாசக் குறைவு என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். சூரைச்செடியின் கீழ் சாகக் கேட்ட எலியாவுக்குத் தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. அடையும் தண்ணீரும் வைத்துத் தட்டி எழுப்பினான், எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்கினார், இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான்.

அந்த மூத்த சகோதரிக்குப் பதில் சொல்ல வேண்டுமா என்று கேட்கவில்லை நீங்கள். கேட்டிருந்தால், ஒரு சனிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் அத்தையின் அருகில் உட்கார வரமுடியுமா என்று அவரிடம் கேளுங்கள் என்பேன். விளையாட்டாகச் சொல்லவில்லை. வந்தாலும் வருவார்.

கடைசியாக ஒன்று. உங்கள் போதகரைச் சந்தித்து, அத்தைக்கு வீட்டில் வந்து திருவிருந்து கொடுக்கும்படி கேளுங்கள். இரண்டு ஆண்டுகளாக அவரும் அதைப் பெறாமல்தானே இருக்கிறார். போதகர் வருகிற அன்று வீட்டைத் துடைக்கிறேன், அவருக்கு ஏதாவது குடிக்கக் கொடுக்கிறேன் என்று எழுந்து ஓடாதீர்கள். கணவர் அதைப் பார்த்துக்கொள்ளட்டும். அத்தையின் கட்டில் அருகில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அவரோடு நீங்களும் பெற்றுக்கொள்ளுங்கள்.